ஆறு மணிக்குள் ஒரு கையெழுத்து

(ஆட்குறைப்பு, ஈட்டுத்தொகை, ஊழியர் உரிமை பற்றிச் சென்னையில் தகவல் தொழில்நுட்ப ஊழியர்களிடையே தொழிலாளர் சட்ட வழக்கறிஞர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

ஓ.எம்.ஆர். நெரிசலைக் கடந்து ஏழு மணிக் கூட்டத்துக்கு ஆறே முக்காலுக்கே வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். சட்டச் சொற்பொழிவுக்கு யாரும் இப்படி வரமாட்டார்கள். வயிற்றில் ஏதோ பிசைந்தால்தான் வருவார்கள். அதனால் பீடிகை வேண்டாம்.

சில மாதங்களுக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை. கோர்ட் முடிந்து கறுப்புக் கோட்டை மடித்து வண்டியில் வைத்துக்கொண்டிருந்தேன். தெரியாத எண்ணிலிருந்து போன். "சார், ரெஸ்ட் ரூம்ல நின்னு பேசறேன். சத்தமாப் பேச முடியாது" என்று ஆரம்பித்தார் ஒரு பொறியாளர். மதியம் மூன்று மணிக்கு அவரை ஒரு சின்ன அறைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். எதிரே எச்ஆரிலிருந்து இருவர், திரையில் ஒருவர், மேசைமேல் ஒரு டிஷ்யூ பெட்டி. 'உங்கள் புராஜெக்ட் முடிந்துவிட்டது. ஆறு மணிக்குள் நீங்களாகவே ராஜினாமா கொடுத்துவிட்டால் இரண்டு மாதச் சம்பளமும் நல்ல ரிலீவிங் லெட்டரும் கிடைக்கும். இல்லையென்றால் டெர்மினேஷன். அடுத்த கம்பெனியில் பேக்கிரவுண்ட் செக் பண்ணும்போது அது தெரியவரும்.' சொன்னது இவ்வளவுதான்.

நிறுவனத்தின் போர்ட்டலில் ராஜினாமாவுக்கு ஒரு பக்கம் இருக்கிறதல்லவா, அதைத் திறந்து வைத்துக்கொண்டுதான் அவர் பேசினார். காரணம் என்ற இடத்தில் ஒரு பட்டியல் விரிகிறது: சொந்தக் காரணம், மேற்படிப்பு, உடல்நலம், வேறு நல்ல வாய்ப்பு. "இதுல எதை சார் போடறது?" என்று கேட்டார். 'நீங்கள் போகச் சொன்னீர்கள், போகிறேன்' என்று ஒரு வரி அந்தப் பட்டியலில் இல்லை. இருக்கவும் இருக்காது. ஏன் இருக்காது என்பதைச் சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன்.

அதற்கு முன்னால் ஒரு சொல்லைப் பிரித்துக்கொள்ள வேண்டும். நீங்கள் எல்லோரும் 'லே-ஆஃப்' என்கிறீர்கள். எங்கள் வீட்டில் அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தம். அப்பா கோவையில் ஒரு பஞ்சாலையில் ஸ்பின்னிங் பிரிவில் இருந்தார். பஞ்சு வரவில்லை, கரண்ட் இல்லை என்றால் லே-ஆஃப். ஆனால் வீட்டில் படுத்துத் தூங்க முடியாது. ஷிப்ட் நேரத்துக்கு கேட்டில் போய் ஆஜராக வேண்டும், மஸ்டரில் பதிவாக வேண்டும், வேலை இல்லை என்று அவர்கள் சொல்ல வேண்டும், பிறகுதான் திரும்பலாம். அப்படி ஆஜரானவருக்கு அடிப்படைச் சம்பளத்திலும் பஞ்சப்படியிலும் பாதி. காலை எட்டரைக்கே தெருமுனையில் அப்பாவின் சைக்கிள் மணி கேட்டால் அன்றைக்கு அரைச் சம்பளம் என்று எங்களுக்குத் தெரிந்துவிடும்.

சட்டத்தில் லே-ஆஃப் என்பது அதுதான். வேலை கொடுக்க முடியவில்லை, ஆனால் நீ இன்னும் என் ஆள். உறவு அறுவதில்லை. உங்களுக்கு நடப்பதன் பெயர் ஆட்குறைப்பு, கோர்ட்டில் நாங்கள் சொல்லும் ரிட்ரெஞ்ச்மென்ட். அமெரிக்காவில் இதற்கு வைத்த பெயர் மெயிலோடு சேர்ந்து இங்கே வந்துவிட்டது.

பெயர் மட்டும்தான் வந்தது. அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் பிரிவுத்தொகை கொடுத்தே ஆக வேண்டும் என்று எந்த முதலாளியையும் கட்டாயப்படுத்துவதில்லை. வழக்குப் போட மாட்டேன் என்று எழுதி வாங்கிக்கொண்டு, அதற்கு விலையாகத்தான் அங்கே பணம் தருகிறார்கள். ஆனால் கும்பலாக ஆள் குறைக்கும்போது, 40 வயது தாண்டிய ஒருவர் வயதுப் பாகுபாட்டு வழக்குரிமையை விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போட வேண்டுமென்றால், யோசிக்க 45 நாள் கொடுக்க வேண்டும். போட்ட பிறகும் 7 நாளுக்குள் திரும்பப் பெறலாம். 1990-லிருந்து அது அங்கே சட்டம். இங்கே சோழிங்கநல்லூரில், எனக்குப் போன் செய்த பொறியாளருக்குக் கொடுத்தது மூன்று மணி நேரம்.

இனி நம்முடைய சட்டம். தொழிற்தகராறு சட்டம் 1947-ல் வந்தபோது ஆட்குறைப்புக்கு ஈட்டுத்தொகை பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. 1953-ல் ஜவுளி ஆலைகளில் துணி விற்காமல் மூட்டை மூட்டையாகத் தேங்கியது. ஆயிரக்கணக்கில் ஆட்களை அனுப்பப் போகிறார்கள் என்ற பயம் வந்தது. வி.வி. கிரி அப்போது மத்தியத் தொழிலாளர் அமைச்சர். முதலில் அவசரச் சட்டம், பிறகு திருத்தச் சட்டம். அந்த ஆண்டு அக்டோபரிலிருந்து லே-ஆஃபுக்குப் பாதிச் சம்பளம், ஆட்குறைப்புக்கு வருஷத்துக்குப் பதினைந்து நாள் சம்பளம் என்ற கணக்கு வந்தது. விற்காத துணியிலிருந்து பிறந்த சட்டம் என்று நான் ஜூனியர்களிடம் சொல்வதுண்டு.

அந்த 1947 சட்டம் இப்போது இல்லை. 2025 நவம்பர் 21 முதல் தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டம் அதன் இடத்துக்கு வந்துவிட்டது. ஆனால் ஆட்குறைப்பின் அஸ்திவாரம் அப்படியே இருக்கிறது. ஓராண்டு தொடர்ந்து வேலை பார்த்த, கணக்குப்படி 12 மாதத்தில் 240 நாள் பார்த்த, தொழிலாளியை அனுப்ப வேண்டுமென்றால் காரணம் சொல்லி ஒரு மாத நோட்டீஸ், அல்லது அதற்கான சம்பளம். வருஷத்துக்குப் பதினைந்து நாள் சராசரி ஊதியம். அரசுக்கும் தகவல். நோட்டீஸும் ஈட்டுத்தொகையும் வேலையை விட்டு அனுப்புவதற்கு முன்னால் நடக்க வேண்டியவை. பணத்தைக் கொடுக்காமல் அனுப்பினால் அந்த ஆட்குறைப்பே செல்லாது என்று 1960-லேயே உச்ச நீதிமன்றம் பம்பாய் ஆஸ்பத்திரித் தொழிலாளர் வழக்கில் சொல்லிவிட்டது. புதுச் சட்டம் ஒன்றைக் கூடுதலாகச் சேர்த்திருக்கிறது. மறுதிறன் நிதி என்று இன்னொரு பதினைந்து நாள் சம்பளத்தை நிறுவனம் கட்ட வேண்டும், 45 நாளுக்குள் அது உங்கள் கணக்குக்கு வர வேண்டும். இது மொத்தத்துக்கும் ஒரு முறைதான், வருஷத்துக்கு ஒரு முறை அல்ல. ஊதியச் சட்டம் வேறு, வேலை போனால் சம்பள பாக்கியை இரண்டு வேலை நாளுக்குள் தீர்க்கச் சொல்கிறது. 'ஃபுல் அண்ட் ஃபைனல் 45 நாள் ஆகும்' என்று எச்ஆர் சொன்னால் இதை எடுத்துக் காட்டுங்கள்.

மதுரை மீனாட்சி மில்ஸ் வழக்கு என்று ஒன்று உண்டு. பெரிய ஆலைகள் ஆட்குறைப்புக்கு அரசின் முன் அனுமதி வாங்க வேண்டும் என்ற பிரிவு செல்லுமா என்று அரசியல் சாசன அமர்வு வரை போய், 1992-ல் செல்லும் என்று தீர்ப்பானது. இதைக் கேள்விப்பட்டு, 'எங்க கேம்பஸ்ல பத்தாயிரம் பேர் இருக்கோம், எங்களுக்கும் அனுமதி வேணும்தானே?' என்று பலர் கேட்கிறார்கள். வேண்டாம். அந்த அனுமதி தொழிற்சாலை, சுரங்கம், தோட்டம் என்ற மூன்றுக்கு மட்டும். இப்போது 300 பேர் என்ற வரம்பு வேறு. 300 பேர் நூல் நூற்கும் ஆலை அரசைக் கேட்க வேண்டும், பத்தாயிரம் பேர் கோட் எழுதும் கட்டடம் கேட்க வேண்டியதில்லை. இது எனக்கு அநியாயமாகப் படுகிறது. ஆனால் சட்டம் அப்படித்தான் எழுதியிருக்கிறது, இல்லாததை இருக்கிறது என்று உங்களிடம் சொல்ல மாட்டேன்.

அடுத்தது எல்லோரும் தயங்கித் தயங்கிக் கேட்கும் கேள்வி. 'நாங்க தொழிலாளியா சார்?' லட்ச ரூபாய் சம்பளம், கழுத்தில் அடையாள அட்டை, பதவிப் பெயரில் மேனேஜர். அப்பாவிடம் இதைக் கேட்டிருந்தால் சிரித்திருப்பார்.

சட்டம் உங்கள் விசிட்டிங் கார்டைப் படிப்பதில்லை. நீங்கள் பெரும்பாலான நேரம் என்ன வேலை செய்கிறீர்கள் என்று பார்க்கிறது. உடலுழைப்பு, தொழில்நுட்பம், எழுத்தர் பணி என்றால் சம்பள உச்சவரம்பே கிடையாது. மேற்பார்வை வேலைக்குத்தான் வரம்பு. முன்பு 10,000, இப்போது 18,000. உண்மையாகவே நிர்வாகம் செய்பவர் வெளியே போய்விடுவார். சென்னையிலேயே உதாரணம் இருக்கிறது. 2015-ல் ஒரு பெரிய ஐடி நிறுவனம் அனுப்பிய ஒருவர், பதவி என்னவாக இருந்தாலும் நான் செய்தது தொழில்நுட்ப வேலை என்று வாதாடினார். 2022-ல் தொழிலாளர் நீதிமன்றம் அவரைத் திரும்ப வேலையில் சேர்க்க உத்தரவிட்டது. ஜெயித்தார் என்று கைதட்டலாம். நடுவில் போன ஏழு வருஷத்தையும் எண்ணிப் பார்த்துவிட்டுத் தட்டுங்கள்.

அதே 2015 ஜனவரியில் வேலையிலிருந்து அனுப்பப்பட்ட ஒரு கர்ப்பிணிப் பெண், சென்னை உயர் நீதிமன்றத்தில் இடைக்காலத் தடை வாங்கினார். நிறுவனம் உத்தரவைத் திரும்பப் பெற்றது. கர்ப்ப காலத்தில் வேலையை விட்டு அனுப்புவதற்கு எதிரான பாதுகாப்பு 1961 மகப்பேறு சட்டத்திலிருந்தே இருக்கிறது. அந்த ஒரு மனு அந்த ஆண்டு இந்த ஊர் ஐடி ஊழியர்களிடம் உண்டாக்கிய தைரியத்தை நான் நேரில் பார்த்தேன். அதற்கு அடுத்த வருடம், 2016-ல், ஐடி ஊழியர்கள் சங்கம் வைக்கத் தடையில்லை என்று தமிழக அரசே தெளிவாக்கியது. இன்னும் பலருக்கு அது தெரியாது.

தொழிலாளி இல்லை என்று முடிவானாலும் தமிழ்நாட்டில் இன்னொரு கதவு உண்டு. 1947-ன் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தின் 41-ம் பிரிவு. ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரை நியாயமான காரணமும் ஒரு மாத நோட்டீஸும் இல்லாமல் அனுப்பக் கூடாது. அனுப்பினால் மேல்முறையீடு செய்யலாம். மேல்முறையீட்டுக்கு அவகாசம் குறைவு, ஊருக்குப் போய் மனசை ஆற்றிக்கொண்டு வரலாம் என்று இருந்துவிடாதீர்கள்.

இப்போது அந்தப் போர்ட்டல் பக்கத்துக்குத் திரும்புவோம். நான் இதுவரை சொன்ன அத்தனையும், பதினைந்து நாள், நோட்டீஸ், மறுதிறன் நிதி, கடைசியில் வந்தவர் முதலில் போக வேண்டும் என்ற விதி, ஒரு வருஷத்துக்குள் அதே வேலைக்கு ஆள் எடுத்தால் உங்களுக்கு முன்னுரிமை, எல்லாமே முதலாளி உங்களை அனுப்பினால்தான். நீங்களாகப் போனால் ஒன்றும் இல்லை. 'சொந்தக் காரணம்' என்று நீங்கள் தேர்ந்தெடுக்கும் அந்த நொடியில் ஆட்குறைப்பு ராஜினாமாவாக மாறிவிடுகிறது. அந்தப் பக்கத்தை அவ்வளவு அவசரமாகத் திறந்து வைப்பது அதற்காகத்தான்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒருவருக்கு மாதம் 80,000. சர்வீஸ் 9 வருஷம் 8 மாதம். ஆறு மாதத்துக்கு மேல் இருப்பதால் சட்டக் கணக்கில் 10 வருஷம். புதுச் சட்டங்களில் படிகள் பாதிக்கு மேல் போக முடியாது, ஆகவே 'ஊதியம்' குறைந்தது 40,000. வருஷத்துக்குப் பதினைந்து நாள் என்றால் 20,000, பத்து வருஷத்துக்கு 2 லட்சம். நோட்டீஸுக்குப் பதில் 40,000. மறுதிறன் நிதி 20,000. ஆக 2,60,000. எச்ஆர் காட்டும் இரண்டு மாதச் சம்பளம் 1,60,000. பெரிய மனசு பண்ணிக் கொடுப்பது போலச் சட்டத்தைவிட ஒரு லட்சம் குறைவாகக் கொடுக்கிறார்கள், நாமும் நன்றி என்று மெயில் போட்டுவிட்டு வருகிறோம். வருமான வரியிலும் வித்தியாசம் உண்டு. ஆட்குறைப்பு ஈட்டுத்தொகைக்குச் சட்டக் கணக்குக்கு உட்பட்டு 5 லட்சம் வரை விலக்கு. ராஜினாமாவோடு வரும் கருணைத் தொகை சம்பளமாகவே கருதப்பட்டு வரி பிடிக்கப்படும்.

கிராஜுவிட்டி இதில் சேர்த்தி இல்லை. அது எப்படிப் போனாலும் உங்களுடையது. இதே ஆளுக்கு 40,000-ஐ 26-ஆல் வகுத்து, 15-ஆலும் 10-ஆலும் பெருக்கினால் 2,30,769 ரூபாய். 'எங்கள் பேக்கேஜில் கிராஜுவிட்டியும் தருகிறோம்' என்று சேர்த்துக் காட்டினால், உங்கள் பாக்கெட்டிலிருந்து எடுத்து உங்களுக்கே பரிசு கொடுக்கிறார்கள் என்று அர்த்தம்.

பதினைந்து நாள் என்பதும் தரைமட்டம்தான், கூரை இல்லை. மறைமலை நகர் ஃபோர்டு ஆலையை நினைத்துப் பாருங்கள். 2021 செப்டம்பரில் இந்தியாவில் உற்பத்தியை நிறுத்தப் போவதாக அறிவித்தார்கள். தொழிலாளர்கள் 2022 கோடையில் உற்பத்தியை நிறுத்தி உட்கார்ந்தார்கள். பல சுற்றுப் பேச்சு நடந்தது. சட்டம் பதினைந்து என்று சொன்ன இடத்தில், வருஷத்துக்குச் சராசரியாக 130 நாள் மொத்தச் சம்பளம் என்று நிறுவனமே அறிவித்தது. அதற்கும் பிறகு பேச்சு நீண்டது. ஃபோர்டுக்கு இரக்கம் என்றோ தொழிலாளர்களுக்கு அதிர்ஷ்டம் என்றோ இதைச் சொல்ல முடியாது. அவர்கள் ஒரே கேட்டில், ஒரே நேரத்தில், ஒரே தாளின் முன்னால் உட்கார்ந்தார்கள். உங்களை ஒவ்வொருவராகச் சின்ன அறைக்குக் கூப்பிடுகிறார்கள்.

சில்லறை விஷயங்கள் சிலவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பணி நியமனக் கடிதம், சம்பளச் சீட்டு, மதிப்பீட்டு மெயில் எல்லாவற்றையும் நல்ல நாளிலேயே பத்திரப்படுத்துங்கள். ஆனால் வாடிக்கையாளர் ஆவணத்தையோ நிரலையோ சொந்த மெயிலுக்கு அனுப்பாதீர்கள். அவர்களுக்கு இல்லாத காரணத்தை நாமே கொடுத்ததாகிவிடும். போட்டி நிறுவனத்தில் இரண்டு வருஷம் சேர மாட்டேன் என்ற ஷரத்து 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 27-ம் பிரிவுப்படி வேலை முடிந்த பிறகு செல்லாது, அதை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். ஒப்பந்தக் காலம் முடிந்து அனுப்பப்படும் குறித்த கால ஊழியர்களுக்கு ஆட்குறைப்பு ஈட்டுத்தொகை கிடையாது, ஆனால் ஒரு வருஷம் முடித்தாலே கிராஜுவிட்டி உண்டு. அவசரத்தில் ராஜினாமா போட்டுவிட்டீர்களா? அது ஏற்கப்பட்டு அமலுக்கு வருமுன் திரும்பப் பெறலாம் என்பது நீதிமன்றங்கள் வெகுநாளாக ஏற்ற வழி. அதனால்தான் நீங்கள் பட்டனை அழுத்திய ஐந்தாவது நிமிஷம் ஏற்பு மெயில் வந்து விழுகிறது. தகராறு எழுந்த இரண்டு வருஷத்துக்குள் சமரச அலுவலரிடம் போயாக வேண்டும்.

எல்லோரும் சண்டை போடுங்கள் என்று நான் சொல்லவில்லை. வீட்டுக் கடன், குழந்தை பள்ளிக் கட்டணம், அடுத்த வேலைக்கான ஆஃபர் எல்லாம் இருக்கும். பேரம் பேசி, தொகையைக் கூட்டி, கௌரவமாக வெளியேறுவதும் ஒரு நல்ல முடிவாக இருக்கலாம். எதை விற்கிறோம், என்ன விலை என்று தெரிந்து விற்க வேண்டும், அவ்வளவுதான்.

ரெஸ்ட் ரூமிலிருந்து பேசியவரிடம் அன்றைக்கு இவ்வளவு நீளமாக எதையும் சொல்ல நேரமில்லை. மணி அப்போது ஐந்தே முக்கால். "பட்டனைத் தொடாதீங்க. எச்ஆருக்கு ஒரு மெயில் போடுங்க" என்றேன். அவர் எழுதியது இரண்டு வரி: 'இன்று மதியம் 3 மணிக் கூட்டத்தில் என்னை ராஜினாமா செய்யச் சொன்னீர்கள். நான் ராஜினாமா செய்யவில்லை, வேலை செய்யத் தயாராக இருக்கிறேன்.' ஆறு பத்துக்கு லேப்டாப் லாக் ஆனது. திங்கட்கிழமை கார்டைத் தேய்த்தால் கேட் திறக்கவில்லை. அந்தக் கேட்டின் முன்னால் நின்று நேரம் தெரிய ஒரு படம் எடுத்து, வேலைக்கு வந்தேன், உள்ளே விடவில்லை என்று இன்னொரு மெயில் போட்டார். எனக்கு அப்பாவின் மஸ்டர் ஞாபகம் வந்தது.

இப்போது அந்தத் தகராறு தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில், சமரச அலுவலர் முன்னால் நடக்கிறது. போன வாய்தாவில் நிறுவனத் தரப்பு, இவர் மேனேஜர், தொழிலாளி அல்ல, இங்கே விசாரிக்கவே முடியாது என்றது. சமரச அலுவலர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு இவரைப் பார்த்தார்.

"உங்களுக்குக் கீழ எத்தனை பேர்?"

"யாரும் இல்ல சார்."

"யாருக்காவது லீவு சாங்ஷன் பண்ணியிருக்கீங்களா?"

"என் லீவுக்கே ரெண்டு பேர்கிட்ட அப்ரூவல் வாங்கணும் சார்."

அலுவலர் அதை அப்படியே எழுதிக்கொண்டார். அடுத்த வாய்தா வரும் புதன்கிழமை.